நிமிர்ந்து நின்றால் முழு டிக்கெட்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் நிலைச் சட்டத்தில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. மகள் பிறந்தநாளுக்கு ஒரு கோடு, மகன் பிறந்தநாளுக்கு ஒரு கோடு. பிள்ளைகள் வளர்வதைப் பார்த்து எல்லாத் தாய்களையும்போல் நானும் பூரித்துப்போனவள்தான். 2024 ஜூலையில் ஒரு ராத்திரி முதன்முறையாக அந்தக் கோட்டைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. மகள் 142 செ.மீ. வளர்ந்திருந்தாள். இரண்டு செ.மீ. அதிகம். அந்த இரண்டு செ.மீ.க்கு விலை ரூ. 340.

விஷயம் இதுதான். பெங்களூருக்கு வெளியே உள்ள ஒரு தீம் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எது என்று பெயர் வேண்டாம். நடந்த தப்பு என்னுடையது, அவர்களுடையதல்ல. அங்கே பிள்ளைகளுக்குச் சலுகை டிக்கெட் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. 140 செ.மீ. வரை சிறுவர். அதற்கு மேல் போனால், பதினோரு வயதானாலும் பெரியவர்.

நாங்கள் இருப்பது கோலார் தங்கவயலில். தமிழ்ப் பத்திரிகை வாங்க பெங்களூர் வரை போக வேண்டிய அவசியமில்லாத ஊர். தாத்தா காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊருக்குத் தொழில் என்றால் ரயில் ஏறுவதுதான். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறோம். நான் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, சோறு போடுவது, வீட்டுப்பாடம் செய்ய வைப்பது எல்லாம் என் அப்பா. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

பணத்துக்கு நான் கண்டுபிடித்த வழி குலுக்கல் சீட்டு. பன்னிரண்டு பேர், மாதம் ரூ. 500. ஜூனில் என் பெயர் வந்தது. கையில் ரூ. 6,000. மீதித் தவணைகளை இனிமேல்தான் கட்ட வேண்டும் என்பதால் பாதி சேமிப்பு, பாதி கடன். அதற்குள் ஒரு பைசா கூடாமல் முடிப்பது என்று சபதம் எடுத்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று நினைத்தேன்.

என் சிறுவயதில் கேளிக்கை என்றால் பொருட்காட்சிதான். நுழைவுச்சீட்டு ஒன்று, உள்ளே ராட்டினத்துக்குத் தனி, ரயிலுக்குத் தனி. கையில் காசு தீர்ந்தால் மற்றவர்கள் சுற்றுவதை வேடிக்கை பார்க்கலாம். வேடிக்கைக்குக் கட்டணம் கிடையாது. 1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி பெயரில் 1984இல் டில்லியில் அப்பு கர் வந்தது. 1989இல் மும்பையில் எஸ்ஸெல்வேர்ல்டு, 1991இல் கல்கத்தாவில் நிக்கோ பார்க், 2000இல் கொச்சியில் வீகாலேண்டு, 2005இல் பெங்களூரில் வொண்டர்லா, 2013இல் மும்பை-புனே வழியில் இமேஜிகா என்று பூங்காக்கள் பெருகின. அப்பு கர் 2008இல் மூடப்பட்டுவிட்டது. இடையில் கணக்கு முறையே மாறிவிட்டது. இன்று பெரிய பூங்காக்களில் பெரும்பாலும் ஒரே டிக்கெட். உள்ளே போனால் எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம்.

இதன் பொருளைக் குடும்பத் தலைவிகள் புரிந்துகொள்ள வேண்டும். செலவில் பெரும்பகுதி வாசலிலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு சிக்கனம் பிடிப்பது என்பது ஐஸ்கிரீமை மறுத்துப் பிள்ளையை அழ வைப்பதுதான். மிச்சம் பிடிப்பதெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

முதலில் நாள். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை, தசரா, கிறிஸ்துமஸ் என்றால் விலை ஏறும். கூட்டமும் ஏறும். கூட்டம் ஏறினால் வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்கு இன்னொரு டிக்கெட் விற்பார்கள். அதன் விலை சாதாரண டிக்கெட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வார நாளில், பள்ளி திறந்திருக்கும் மாதத்தில் போனால் இந்த மூன்று செலவும் இல்லை. ஆகவே ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிள்ளைகள் ஒருநாள் லீவு போட வேண்டும். 'காய்ச்சல்' என்று இரண்டு லீவு லெட்டர் எழுதினேன். முதல் பொய்.

இரண்டாவது, முன்பதிவு. சில நாள் முன்பே இணையத்தில் வாங்கினால் பத்து சதவீதம் குறைவு. பெரியவருக்கு வாசலில் ரூ. 1,200, எங்களுக்கு ரூ. 1,080. சிறுவருக்கு ரூ. 860. இரண்டு பெரியவர், இரண்டு சிறுவர்: ரூ. 3,880. விலை பார்க்கும்போது வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று கவனிக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது தீம் பார்க் நுழைவுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆக்கினார்கள். நான் கொடுத்த விலையில் வரியும் அடக்கம். அந்த ரூ. 1,200இல் வரி மட்டும் ரூ. 183. பழைய வீதமே இருந்திருந்தால் அதே டிக்கெட் ரூ. 1,300ஐத் தொட்டிருக்கும்.

மூன்றாவது, போக்குவரத்து. எனக்கும் கணவருக்கும் ரயில் சீசன் பாஸ் இருக்கிறது. மற்றவர்களுக்குப் போக வர ரூ. 120. முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். நாங்கள் போன வரைக்கும் அது திரும்பியிருக்கவில்லை. ஆனால் பெங்களூரில் இறங்கிய பிறகு மாநில அரசு புண்ணியம் கட்டிக்கொண்டது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் இலவசப் பயணம். எனக்கும் மகளுக்கும் சுழி. ஆண்களுக்கு மட்டும் போக வர ரூ. 160. வாடகைக் காரில் போயிருந்தால் ஒருவழிக்கே ஆயிரத்தை நெருங்கியிருக்கும்.

நான்காவது, உடை. தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தித் துணி கூடாது, நைலான்தான் வேண்டும் என்பார்கள். தெரியாமல் போகிறவர்கள் உள்ளே இருக்கும் கடையில் வாங்குவார்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நாலு பேருக்கும் ரூ. 700இல் முடித்தேன். அடுத்த முறைக்கும் ஆகும்; மகன் மட்டும் வளராமல் இருந்தால்.

ஐந்தாவது, சாப்பாடு. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதியில்லை. நம் ஊர்க்காரர்கள் பையின் அடியில் புளிச்சோற்றை ஒளித்து வைத்துச் சோதனையில் மாட்டிக்கொள்வதை அங்கே பார்த்தேன். அதற்கு அவசியமில்லை. காலை டிபனைக் கட்டிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வயிறு நிறையச் சாப்பிட வேண்டியது. பூங்கா பதினொரு மணிக்குத்தான் திறக்கிறது. மதியம் ஒரே வேளை உள்ளே. மாலைக்கு வேறு பொட்டலம் ரயிலில். காலி பாட்டில் கொண்டுபோனால் உள்ளே குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்கு ரூ. 600, லாக்கர் முதலான சில்லறைக்கு ரூ. 150.

மொத்தம் ரூ. 5,610. கையில் ரூ. 390 மீதி. நோட்டில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன். ஆபீஸில்கூட அவ்வளவு திருப்தியாக நான் கணக்கை முடித்ததில்லை.

நான்கு டிக்கெட்தானே, அப்பா என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

டிக்கெட் போட உட்கார்ந்தபோது அவரே சொல்லிவிட்டார். "எனக்கு எதுக்கும்மா? நான் வந்து வெளிய மரத்தடியில உக்காந்திருக்கேன். பையப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல?" பிள்ளைகள் தாத்தா இல்லாமல் எங்கும் போகமாட்டார்கள், அதனால் பயணத்துக்கு மட்டும் அவர். நான் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. "சரிப்பா" என்றேன். வாய் அதைச் சொல்லும்போதே மனம் ரூ. 900ஐக் கழித்துக்கொண்டிருந்தது. முதியோருக்குக் கால் பங்கு தள்ளுபடி போக அதுதான் விலை.

அன்று ராத்திரிதான் மகளைக் கதவு நிலையில் நிற்க வைத்தேன். 142. டிக்கெட் ஏற்கனவே 'சிறுவர்' என்று வாங்கியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் போட்ட கோட்டை நம்பி வாங்கியது.

"கொஞ்சம் முட்டிய மடக்கி நின்னா தெரியாதும்மா" என்றேன் மகளிடம்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காய்ச்சல்னு வேற எழுதியிருக்க."

எனக்குக் கோபம் வந்தது. காரணம், அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டது அல்ல, பேசியது. பவ்ரிங்பேட் என்று வெள்ளைக்காரன் காலத்தில் பெயர் கொண்டிருந்த பங்காருப்பேட்டையில் ரயில் மாறி, ஜோலார்பேட்டை வழியாகக் குடியாத்தத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போவோம். ரயிலில் ஐந்து முடிந்து பன்னிரண்டு முடியாதவர்களுக்கு அரை டிக்கெட். எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்றும் முடிந்த பிறகும் அம்மா ஏறுவதற்கு முன் காதோடு சொல்வாள்: "யாரு கேட்டாலும் பதினொண்ணு." டிக்கெட் பரிசோதகர் வந்தால் நான் சன்னல் பக்கம் சுருண்டு சின்னவளாகிவிடுவேன். ஒருமுறை ஒருவர் என்னிடம், "எந்த கிளாஸ் படிக்கிறே?" என்று கேட்டார். "எட்டு" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அபராதம் போடவில்லை. "புத்திசாலிப் பொண்ணு, பதினொரு வயசுல எட்டாவது" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி முழுவதும் சிரித்தது. அம்மா குடியாத்தம் வரும்வரை என்னோடு பேசவில்லை. அவள் கோபம் என்மேல் இல்லை என்பது எனக்கு ரொம்ப காலத்துக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் நினைவு இருந்தும் மகளிடம், "சொன்னதைச் செய்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை உரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். இருட்டில் சயனைடு மண்மேடு மங்கலாகத் தெரிந்தது. மகன் தாத்தாவின் மடியில் தூங்கிப்போனான். வழக்கமாக என்னோடு வரும் பெண்கள், "இன்னா, குடும்பத்தோட எங்க?" என்று கேட்டார்கள். "ஆஸ்பத்திரிக்கு" என்று வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. பொய் சொல்லப் பழகிவிட்டால் காசு மிஞ்சாத இடத்திலும் வருகிறது. மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தரைக்கெல்லாம் வாசலில் இருந்தோம். மரத்தடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அப்பா ஒரு துண்டை விரித்து, பைகளை அடுக்கி, அங்கேயே குடியேறிவிட்டதைப்போல் உட்கார்ந்துகொண்டார். "நீங்க போங்க. சாயங்காலம் ஆறு மணிக்குதானே?" ஏழு மணி நேரம். கணக்கு நோட்டில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு பத்தி நான் போடவில்லை.

வாசலில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் அளவுக் கம்பம். மகன் நின்றான், தேறினான். மகள் நின்றாள். முழங்காலைச் சற்று மடக்கினாள். நீளப் பாவாடை போட்டு வந்திருந்தாள். அதுவும் என் யோசனைதான். அந்தப் பெண்ணுக்குத் தினமும் இப்படி எத்தனை முழங்கால் பார்த்துப் பழக்கமோ. கோபப்படவில்லை. "நேரவாகி நில்லு, புட்டி" என்றாள் கன்னடத்தில். நேராக நில்லு குட்டி.

மகள் என்னைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால், எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். 142.

"வித்தியாசம் கட்டணும் மேடம். முன்னூத்தி நாப்பது." அவ்வளவுதான் அந்தப் பெண் சொன்னது. பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கக்கூட இல்லை. ஆனால் ரயில் பெட்டி முழுவதும் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா ஏன் அன்று பேசாமல் வந்தாள் என்பது அந்த நிமிஷத்தில் விளங்கியது.

என் கணவர் அதிகம் பேசாதவர். கவுன்டருக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு சீட்டு இருந்தன. ஒன்று வித்தியாசம் கட்டியதற்கு. இன்னொன்று மூத்த குடிமகன், ஒருவர், ரூ. 900. "மாமாவுக்கு ஆதார் கார்டு வேணுமாம்" என்றார். முன்பே ஆன்லைனில் போட்டிருந்தால் இதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. என்ன செய்வது, தொழில் புத்தி.

அப்பா முதலில் மறுத்தார். பேரன் கையைப் பிடித்து இழுத்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பைகளை லாக்கரில் வைத்தோம். கார்டை நீட்டும்போது அவருக்கு ஒரே சிரிப்பு.

"இது பொய் வயசும்மா" என்றார்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். சுரங்க வேலைக்கு ஆள் எடுத்தபோது அவருக்கு வயது போதவில்லை. வீட்டில் ஆறு வாய். இரண்டு வயது கூட்டிச் சொல்லி, மீசையைக் கரியால் அழுத்தமாக்கி, எடை பார்க்கும்போது வயிறு நிறையத் தண்ணீர் குடித்து நின்று சேர்ந்திருக்கிறார். அந்த வயதுதான் கம்பெனி ரெஜிஸ்டரில் ஏறி, ரேஷன் கார்டில் ஏறி, ஆதாரிலும் ஏறிவிட்டது. "உங்கம்மா உன் வயச கொறச்சி காசு மிச்சம் புடிச்சா. நான் என் வயச ஏத்தி காசு சம்பாதிச்சேன். சுரங்கம் இருந்திருந்தா ரெண்டு வருசம் முன்னாடியே ரிட்டயர் ஆயிருப்பேன். அதையுந்தான் மூடிட்டானே. அந்தப் பொய்யால எனக்கு இன்னிக்குத்தான் லாபம்."

அந்த நாள் எப்படிக் கழிந்தது என்று விவரிக்கப் போவதில்லை. போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: கதவு திறந்ததும் நேராகப் பெரிய ராட்டினங்களுக்குப் போய்விடுங்கள். எல்லாரும் வாசலுக்கு அருகில் இருப்பதில்தான் முதலில் மொய்ப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் தலைகீழாகச் சுற்றுவதை முடித்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் தண்ணீருக்குப் போனால் வயிறும் பிழைக்கும், நேரமும் மிஞ்சும். மதியம் நாலு தட்டு வாங்கினோம், ஐந்து பேர் சாப்பிட்டோம். புகைப்படம் எடுத்துச் சட்டம் போட்டுத் தருகிறவர்களிடம் சிக்கவில்லை.

ஆனால் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். உயரமான கோபுரம் ஒன்று. ஆட்களை இருக்கையில் கட்டி உச்சிக்கு ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, சட்டென்று கீழே விடுகிறார்கள். மகளும் என் கணவரும் ஏறினார்கள். நானும் அப்பாவும் மகனும் கீழே. அது விழுந்தபோது எல்லாரும் அலறினார்கள், நானும். அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. இயந்திரத்தை இயக்கும் பையனிடம் போனார்.

"கயிறு எத்தன நாளைக்கு ஒருதரம் பாப்பீங்க?"

பையன் விழித்தான். பிறகு மரியாதையாகவே பதில் சொன்னான். தினமும் காலையில் திறப்பதற்கு முன் ஒவ்வொரு பாகமாகச் சோதிப்பார்களாம். ஆளில்லாமல் பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆள் ஏற்றுவார்களாம். அப்பா தலையசைத்தார். "நாங்களும் அப்படித்தான். கயிறு பாத்துட்டு, கூண்ட காலியா விட்டு எடுத்துட்டுதான் எங்கள ஏத்துவாங்க."

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதில் கூண்டில் இறங்குவது எப்படி இருக்கும் என்று நான் அப்பாவைக் கேட்டதில்லை. அவராகச் சொன்னதும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். அன்று அந்தக் கோபுரத்துக்குக் கீழே நின்றுதான் பேரனுக்குச் சொன்னார். மணி அடித்ததும் கூண்டு இறங்குமாம். வயிறு மேலே வந்து தொண்டையில் நிற்குமாம். காது அடைத்துக்கொள்ளுமாம். முதல் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டபோது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தோளில் கை வைத்து, "கண்ண தெற. மூடினா இன்னும் பயமாருக்கும்" என்றாராம். ஒரே கூண்டில் நின்றபடியே அடிவரைக்கும் போக முடியாது. ஒன்றில் இறங்கி, நடந்து, இன்னொன்றில் ஏற வேண்டுமாம்.

"தாத்தா, தினமுமா?" என்றான் மகன், பொறாமையோடு. "எத்தன ரூபா டிக்கெட்?"

"எங்களுக்கு அவங்க குடுத்தாங்கடா" என்றார் அப்பா. "விழறதுக்குக் கூலி."

மகன் வாயைப் பிளந்தான். அவனுக்குத் தெரிந்த உலகத்திலேயே அதைவிட நல்ல வேலை கிடையாது. அப்பாவும் அவனைத் திருத்தவில்லை. அவரோடு கூண்டில் இறங்கிப் பிணமாக மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். பாறை வெடித்தால் எங்கள் லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிர்ந்தது எனக்கே நினைவிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து ஷாஃப்ட் பக்கம் பார்ப்பார்கள். அதை எல்லாம் சொல்ல அது இடமில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மகள் இறங்கி வந்தாள், முகம் வெளுத்துப்போய். "கண்ண மூடினியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "அடுத்த தரம் தெறந்து வெச்சுக்க" என்றார். அவள் மறுபடியும் வரிசையில் போய் நின்றாள். கூடுதல் கட்டணம் இல்லை.

திரும்பும் ரயிலில் மகன் தூங்கிய பிறகு நோட்டை எடுத்துக் கணக்கு எழுதினேன். ரூ. 6,850. பட்ஜெட்டுக்கு மேல் ரூ. 850. அந்த 850ஐ எங்கிருந்து எடுப்பது என்று மனம் அரிசி, பால், மளிகை என்று ஓடியது. சும்மா சொல்லக்கூடாது, ஐந்து பேருக்கு வாடகைக் காரும், விடுமுறை நாள் விலையும், உள்ளே வாங்கிய உடையும் என்று போயிருந்தால் இன்னும் நாலாயிரமாவது ஆகியிருக்கும். நான் பிடித்த மிச்சத்தில் பெரும்பகுதி நேர்மையான மிச்சம்தான். அதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை. கெடுத்தது கடைசி 340 ரூபாய்க்கு நான் பட்ட ஆசையும், அப்பாவிடம் சொன்ன அந்த ஒரு 'சரி'யும்.

மறுநாள் காலை மகள் என் முன்னால் இரண்டு லீவு லெட்டர்களையும் வைத்தாள். கிழிக்கவில்லை, மடித்துத்தான் வைத்தாள். "நானே எழுதிக் குடுத்துக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போடு." தாத்தாவோடும் குடும்பத்தோடும் தீம் பார்க் போனதால் வர முடியவில்லை என்று தனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று எழுதியிருந்தாள். கைநடுங்கத்தான் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி நான் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி அதுதான். டீச்சர் என்ன சொன்னார்?

"ஹோம்வொர்க் எழுதிக் காட்டச் சொன்னாங்க" என்றாள். "அப்புறம் டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டாங்க. அவங்களும் போகணுமாம். வார நாள்ல போனா கம்மின்னு சொன்னேன்."

புது சீட்டு ஒன்றில் சேர்ந்தேன். மாதம் ரூ. 600. நோட்டின் முதல் பக்கத்தில் முன்பே எழுதி வைத்துவிட்டேன்: பெரியவர் மூன்று, சிறுவர் ஒன்று, மூத்த குடிமகன் ஒன்று. ஐந்தும் ஆன்லைனில், வார நாளில்.